திங்கட்கிழமை ஆட்டக்காரர்

வெளிநாட்டு மைதானங்களுக்கு கோல்ஃப் ஆட ஆள் அனுப்புவது, நாம் உட்காராத பந்திக்கு இலை போடுகிற வேலை. டிராவல் ஏஜென்சியில் நாற்காலி தேய்த்தவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள் என்று தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் காசு பார்த்தவர்களுக்கெல்லாம் கோல்ஃப் ஆசையும் சேர்ந்து வந்தது. எங்கள் முதலாளி உடனே 'கோல்ஃப் டெஸ்க்' என்று ஒரு மேசையைப் போட்டார். ஃபேக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற ஒரே தகுதியில் என்னை அதற்கு மாற்றினார். விவேக் நகரில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை கோல்ஃப் என்றால், பஸ்ஸில் போகும்போது மதில் சுவருக்கு மேலே தெரிகிற மரங்கள்தான்.

மாலை ஆறரைக்கு ஆட்டம்

ஸ்காட்லாந்திலிருந்து வந்த முதல் ஃபேக்ஸில், ஆட்டம் தொடங்கும் நேரம் மாலை ஆறரை என்று போட்டிருந்தது. ஓர் ஆட்டம் முடிய நாலு மணி நேரம் ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். காலை ஆறரையைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, மரியாதையாகத் திருத்தி அனுப்பினேன். ஜூன் மாதம் இங்கே பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அம்மணி கவலைப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தத் தாளை மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு தபாலில் படப் புத்தகம் வந்தது. ஒரு மரம் இல்லை. கடல், காற்று, அலை அலையாகப் புல்மேடு. மணல் பள்ளங்களை யாரும் வெட்டவில்லையாம், காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்து உண்டானவை என்று எழுதியிருந்தது. ஆடு படுத்த இடத்தை அப்படியே விட்டுவைத்து, அதன் மேல் ராஜாக்கள்கூட ஆடியிருக்கிறார்கள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கன்னடத்து 'ரீ' போடாமல் பேசத் தெரியாத பக்கத்து மேசை நாகராஜ் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரம் இல்ல, நிழல் இல்ல, மழை வேற. இதுக்கா ரீ ஏரோப்ளேன் ஏறணும்? எங்க ஹெப்பகோடி ஏரிக்கரையில ஆடும் இருக்கு, புல்லும் இருக்கு."

எட்டாவது ஆள்

எங்கள் முதல் குழு எட்டுப் பேர். தலைவர் சம்பத் சார், தமிழ்நாட்டு எல்லையில் அத்திபெலே பக்கம் பாக்டரி வைத்திருப்பவர். எல்லாம் பதிவாகி முடிந்த பிறகு, எட்டில் ஒருவர் மாமனாருக்கு பைபாஸ் என்று விலகிக்கொண்டார். நாலு நாலு பேராக ஆடுகிற ஆட்டத்தில் ஓர் இடம் காலி. வேறு யாரைச் சேர்க்கலாம் என்று கேட்டேன். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார் சம்பத் சார்.

மறுநாள் அவர் பின்னால் வந்து கதவோரம் நின்றவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். எங்கள் தெரு ஆரோக்கியண்ணன். கோல்ஃப் கிளப்பில் கேடி, அதாவது ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்கிறவர். பதினெட்டு வருடமாகச் சம்பத் சாரின் பை அவர் தோளில்தான். துபாய்க்குப் போகலாம் என்று எப்போதோ எடுத்த பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தார். உட்காருங்கண்ணே என்றால் உட்காரவில்லை. சம்பத் சார்தான் பேசினார்: "பை தூக்க இல்ல ஜெசிந்தா. ஆடறதுக்கு. ஆட்டக்காரர்னே போடு."

எழுதித்தர வழியில்லை

போட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த ஊர்ப் பெரிய மைதானங்களில் யார் வேண்டுமானாலும் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட முடியாது. இவர் இன்ன தரத்தில் ஆடுகிறவர் என்று சொந்த ஊர் கிளப் ஒரு சான்றிதழ் தரவேண்டும். கிளப் அதை உறுப்பினர்களுக்குத்தான் தரும். ஆரோக்கியண்ணன் இருபத்திரண்டு வருடமாக அந்தக் கிளப்பில் இருக்கிறார், ஆனால் நாற்பத்தேழு என்று எண் போட்ட சட்டையோடு.

அவர் ஆடாதவர் இல்லை. திங்கட்கிழமை கிளப்பில் உறுப்பினர்களுக்கு விடுமுறை. அன்றைக்கு கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்பது வழக்கம். உறுப்பினர்கள் கழித்துப்போட்ட மட்டைகளை வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் ஆடுகிறவர். இதையெல்லாம் செகரட்டரியிடம் நேரில் போய்ச் சொன்னேன். சான்றிதழ் இல்லையென்றால் அவ்வளவு தூரம் போயும் வேலிக்கு வெளியே நிற்கவேண்டியதுதான் என்றும் சொன்னேன். நல்ல மனிதர். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மேடம், எங்க மெம்பர்ஸ்ல பாதிப் பேரைவிட அவர் நல்லா ஆடுவார். அது எனக்குத் தெரியும். எழுதிக் குடுக்கத்தான் எனக்கு வழி இல்லை."

மூன்று திங்கட்கிழமைகள்

விண்ணப்பத்தின் அடியில் எறும்பு எழுத்தில், 'அல்லது தகுந்த வேறு ஆதாரம்' என்று இருந்தது. இந்த மாதிரி வரிகள்தான் எங்கள் தொழிலில் சோறு போடுகிறவை. எது தகுந்தது என்று ஃபேக்ஸில் கேட்டேன். ஏதாவது ஒரு கிளப்பின் உறுப்பினர் கூடவே நடந்து, ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்ட மூன்று ஆட்டக் கணக்கு அட்டைகள் போதும் என்றார்கள்.

சம்பத் சார் மூன்று திங்கட்கிழமை பாக்டரிக்கு மட்டம் போட்டார். அட்டையும் பென்சிலுமாக ஆரோக்கியண்ணன் பின்னாலேயே பதினெட்டுக் குழியும் நடந்தார். ஆரோக்கியண்ணன் ஆடுவதைச் சம்பத் சார் பார்ப்பது அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. முதல் திங்கட்கிழமை நேராக என் மேசைக்கு வந்து அட்டையை வைத்தார். என்னென்னவோ எண்கள். எனக்கு அது புரியவில்லை, அவர் முகம் புரிந்தது. கோயில் கொடியேற்றத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும். மெதுவாகச் சொன்னார்: "பதினெட்டு வருஷமா இந்த மனுஷன்கிட்ட பையைக் குடுத்துட்டு, நான் ஆடிட்டு இருந்திருக்கேன்."

என் தப்பு

அட்டைகளை அனுப்பி நாலாம் நாள் பதில் வந்தது. மெஷினிலிருந்து தாள் சுருண்டு சுருண்டு வர, கழுத்தை வளைத்து வளைத்துப் படித்தேன். திரு. ஆரோக்கியத்தை வரவேற்கிறோம் என்று முதல் வரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது வரியில்தான் என் தப்பு இருந்தது. நீங்கள் கேட்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு ஓய்வு நாள், அன்று யாரும் ஆடுவதில்லை, ஊர் மக்கள் நடந்து போவார்கள், நாய்களைக் கூட்டிவருவார்கள்.

பெங்களூரில் கோல்ஃபுக்கு ஞாயிறுதான் திருநாள். அதனால் பெரிய மைதானத்துக்குப் பெரிய நாளாகப் பார்த்துப் போட்டிருந்தேன். ஞாயிறு தவறாமல் முதல் பூசைக்குப் போகிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? திங்கள் காலை எட்டு இருபதுக்கு இடம் இருக்கிறது என்றார்கள். எட்டு டிக்கெட்டையும் ஒருநாள் தள்ளினேன். முதலாளி கத்திய கத்தலில் ஃபேக்ஸ் மெஷினே நின்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் உலகமே வந்து காத்துக்கிடக்கிற புல்வெளி, வாரத்தில் ஒருநாள் கதவைத் திறந்துபோட்டு ஊர் நாய்களுக்கு இடம் விடுகிறது என்பதை நினைத்து நினைத்து, திட்டு எதுவும் காதில் ஏறவில்லை. சாயங்காலம் பயந்துகொண்டேதான் ஆரோக்கியண்ணன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெளிந்தது: "திங்கக்கெழமையா? அப்ப பயமே இல்ல தங்கச்சி. அது நம்ம நாளு."

ஞாயிறு நடை

போய் வந்தவர்கள் வழக்கமாக எங்களிடம் சொல்வது ஓட்டலில் வெந்நீர் வரவில்லை, சாப்பாட்டில் உப்பில்லை. சம்பத் சார் வந்து உட்கார்ந்து, ஒரு டீயை வாங்கிக் குடித்தார். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். ஊரோடு சேர்ந்து இவர்களும் மைதானத்தில் நடந்திருக்கிறார்கள். குழந்தை வண்டிகள், நாய்கள், கைகோத்த கிழவன் கிழவிகள். ஆரோக்கியண்ணன் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாராம். சனிக்கிழமை ஆடியவர்களின் மட்டை பட்டுப் பெயர்ந்து கிடந்த புல்லையெல்லாம் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து, பள்ளத்தில் வைத்து அழுத்திக்கொண்டே போனாராம். எந்த மைதானமானாலும் கேடி கை சும்மா இருக்காது.

முதலில் மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு ஒருவர் குனிந்தார், அப்புறம் இன்னொருவர். கடைசியில் எட்டுப் பேரும். அதைச் சொல்லிவிட்டுச் சம்பத் சார் சொன்னார்: "குனிஞ்சாத்தான் ஜெசிந்தா, அந்த மைதானம் எவ்வளவு பழசுன்னு தெரியுது."

பையும் பந்தும்

ஆரோக்கியண்ணன் அவர் பங்கைக் கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் அவர் பையைத் தூக்கவென்று அந்த ஊர் கேடி ஒருவர் வந்து நின்றிருக்கிறார், நரைத்த மனிதர். இவர் பையின் தோள் வாரை விடவில்லை. அவரும் விடவில்லை. இரண்டு பேருக்கும் மற்றவர் பாஷை தெரியாது. பைக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. கடைசியில் அந்த மனிதர் இவர் தோளைத் தொட்டுப் பார்த்தாராம். வார் பதிந்து பதிந்து காய்ப்பு ஏறிய இடம். தன் சட்டைக் காலரை விலக்கி, தன் தோளையும் காட்டினாராம். அப்புறம்தான் இவர் வாரை விட்டார்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மிஸ்டர் ஆரோக்கியம், பெங்களூர். நாற்பத்தேழு என்று இல்லை. மட்டையை எடுத்து நின்றார், ஓங்கி அடித்தார். எங்கே போனது என்று அந்த நரைத்த மனிதர்தான் கை நீட்டிக் காட்டினாராம், நட்டநடுவில். நீங்கள் பார்க்கவில்லையா அண்ணே என்று கேட்டேன். அவர் சொன்னது இது: "இருபத்திரெண்டு வருஷமா ஊர்ல இருக்கறவன் பந்தையெல்லாம் கண்ணுலயே வெச்சிருந்தேன் தங்கச்சி. என் பந்து ஒண்ணைத்தான் பாக்கல. கண்ணுத் தண்ணி மறைச்சிடுச்சி."

இத்தனை பேரைக் கடல் தாண்டி அனுப்பிவைத்த கோல்ஃப் டெஸ்க்காரி அத்திபெலே செக்போஸ்ட்டைத் தாண்டியது வேளாங்கண்ணிக்கு மட்டும்தான், அதற்கும் டிக்கெட் போட்டது நாகராஜ்.