ரப்பரில் ஒரு மேடு

முதலியார்பேட்டையில் கமலக்கண்ணன் கை படாத மிக்சி இல்லை என்பார்கள். அதுதான் அவருக்குக் குறை. வேலை பார்த்த நூல் மில்லை மூடியபின் பழுதுபார்க்க வீட்டுச் சாமான்களாகவே வந்துகொண்டிருந்தன. ஒருவர் பிழைப்புக்கே நம்பியிருக்கும் மெஷினை யாரும் அவரிடம் கொடுத்ததில்லை. செந்தமிழ்ச்செல்விதான் முதலில் கொடுத்தாள்.

பிள்ளைச்சாவடிக்காரி. மரத்தில் மீன், படகு பொம்மைகள் அறுத்துக் கடற்கரைப் பக்கக் கடைகளுக்குப் போடுகிறவள். அவளுடையது மேசைமேல் வைத்து மரம் அறுக்கிற பழைய பேண்ட்சா. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ரம்பப் பட்டை வளையமாக ஓட வேண்டும். இது ஓடுவதைவிட உதறியதுதான் அதிகம். வாலை வெட்டச் சொன்னால் தலையை வெட்டியது.

"சனிக்கெழம வர்றேண்ணே. ஆவலன்னா அப்டியே காயலான் கடைக்கு ஏத்திட்டுப் போயிடுறேன்."

"ஓடும், போம்மா" என்றார் கமலக்கண்ணன். சொன்ன பிறகுதான் மெஷினைத் திறந்து பார்த்தார்.

பேரிங்குகள் மணலை அரைப்பதுபோல் சுற்றின. மாற்றினார். துருவை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தார். திருப்புளியின் முனையை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். சத்தம் சீராக இருந்தது. அடுத்தது சக்கரங்களின் விளிம்பில் ஒட்டியிருந்த ரப்பர். இறுகி, வெடித்து, ஓரங்கள் தேய்ந்து கிடந்தது. உரித்து எறிந்தார்.

ரப்பர் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. மில்லில் இருபத்திரண்டு வருஷம் ரோலர் செக்ஷனில் இருந்தவர். பஞ்சை இழுத்துக் கொடுக்கும் ரோலர்களின் ரப்பர் உறையைச் சாணைபிடித்துச் சமமாக்குவதுதான் வேலை. முடியளவு மேடு இருந்தாலும் நூல் கெட்டுப்போகும். அதே கையால், புது ரப்பரை ஒட்டி, ஓடும் சக்கரத்தில் உப்புத்தாள் ஒட்டிய பலகையைப் பிடித்தார். இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் தெரியவில்லை.

"மில்லா இருந்தா இதுக்கு மேஸ்திரி கையக் குலுக்கியிருப்பாரு" என்றார் மனைவி சுமலதாவிடம்.

பட்டையை மாட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். நாலாவது சுற்றில் பட்டை முன்பக்கம் நழுவி விழுந்தது. மேல் சக்கரத்தைச் சாய்க்கும் திருகைக் கொஞ்சம் திருப்பினார். இப்போது பின்பக்கம் போய் உரசியது. மத்தியானம் வரை திருகினார். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

"மேஸ்திரி கையக் குலுக்கிட்டாரா?" என்றாள் சுமலதா, சோற்றுத் தட்டை வைத்தபடி.

அவர் குப்பையிலிருந்து பழைய ரப்பரை எடுத்துவந்து வெர்னியரில் அளந்தார். ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டர். நடுவில் மூன்று. ஓரம் தேய்ந்துவிட்டது என்றுதானே நினைத்தார்? பட்டை ஓடுவது நடுவில். தேய்ந்தால் நடுவல்லவா தேய வேண்டும்?

தட்டை ஒதுக்கிவிட்டு ரப்பரின் நடுவை விரலால் தடவிப் பார்த்தார்.

"தேயல சுமலதா. செஞ்சவனே நடுவுல மேடு வச்சிருக்கான். பட்டை மேட்டப் பாத்து ஏறும். அத உட்டு எறங்காது. நான் தரையாக்கிட்டு அத நில்லுன்னா எங்க நிக்கும்?"

"சாப்ட்டுட்டு மேடாக்கு."

மேடாக்குவது சமமாக்குவதைவிடக் கடினமாக இருந்தது. இரண்டு ஓரமும் ஒரே அளவு இறங்க வேண்டும். பலகையைச் சாய்த்துப் பிடித்து, இந்தப் பக்கம் பத்து மூச்சு, அந்தப் பக்கம் பத்து மூச்சு என்று எண்ணித் தேய்த்தார். நடுவே நிறுத்தி நிறுத்தி அளந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை பட்டையை மாட்டிக் கழற்றினார். நாலாவது தடவை அது தானாக நடுவுக்கு ஏறி நின்றது. விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் சுற்றினார், திரும்பி வந்தது.

சனிக்கிழமை செந்தமிழ்ச்செல்வி லோடு ஆட்டோவோடு வந்து இறங்கினாள். மெஷினைப் போட்டு, பென்சிலில் மீன் வரைந்த பலகையைப் பட்டையை நோக்கித் தள்ளினாள். பட்டை பென்சில் கோட்டை விட்டு விலகவில்லை. வால் வளைவில் திருப்பியபோதும் உதறவில்லை.

"இன்னாண்ணே செஞ்சீங்க?"

"நேத்து மத்தியானம் வரைக்கும் நான்தாம்மா கெடுத்து வச்சிருந்தேன்." ரப்பரைச் சமமாக்கிய கதையை ஒளிக்காமல் சொன்னார். "மில்லு புத்தி. அப்புறம் அதே கைதான் சரியாக்குச்சி."

அவள் காதில் பாதிதான் விழுந்திருக்கும். இரண்டாவது மீனை அறுத்துக்கொண்டிருந்தாள். அது முடியுமுன் மூன்றாவதை வரைய ஆரம்பித்தாள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கமலக்கண்ணன் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினார்.

"காயலான் கடைக்கு இரும்பு எதுவும் ஏத்துறது இல்லப்பா. உள்ள வேல நடக்குது, கொஞ்சம் இரு."