எங்க டேம் சார் அது

சிவப்பாக, சோடா மூடியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த அந்தப் பொத்தானை அழுத்தினால் ஆட்டுக்குட்டி கத்துவதைப்போல ஒரு சத்தம் வரும். நமக்கு முன்னால் இருக்கும் விளக்கு எரியும். அரங்கில் இருப்பவர்கள் அத்தனை பேரும் நம்மையே பார்ப்பார்கள். பன்னிரண்டு வயதில் அந்த மூன்றும் எனக்கு ஒரே நேரத்தில் நடந்தன. அதற்குப் பிறகு நாற்பது நாட்கள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி அப்போது தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கு இரண்டு பேர். தேனி மாவட்டத்துக் கம்பத்தில் எங்கள் பள்ளியிலிருந்து நானும் கிளாடிஸும் தேர்வானோம். கிளாடிஸின் அப்பா கடைவீதியில் பம்புசெட்டு சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் முழுக்கச் சுற்றுவட்டார விவசாயிகள். எங்கள் அணியில் மூளை அவளுடையது, கை என்னுடையது. பள்ளியில் பயிற்சிக்குப் பொத்தான் ஏது? மேசையில் கவிழ்த்து வைத்த டிபன்பாக்ஸ் மூடியை யார் முதலில் தட்டுகிறார்கள் என்பதுதான் பயிற்சி, அதில் என்னை அடிக்க ஆளில்லை. கேள்வி பாதியில் இருக்கும்போதே தட்டிவிடுவேன். விடையை அதற்கப்புறம் கிளாடிஸ் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். "கேள்வி முடியட்டும்டீ" என்று அவள் கெஞ்சாத நாளில்லை.

என் அப்பா இரண்டு போகம் நெல் விளைவிப்பவர். எங்கள் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்டவர்கள் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்கள். முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் கேள்வி. செய்தித்தாளில் அந்த எண் ஒரு மூலையில் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அதை அப்பாவுக்கு வாசித்துச் சொல்வது என் வேலை. "ஆத்தா, எத்தனை அடி?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் டீயைத் தொடுவார். அரையடி கூடியிருந்தால் அன்றைக்கு நான் எது கேட்டாலும் கிடைக்கும், குறைந்திருந்தால் அம்மாகூட அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டாள். அந்த அணையை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றை எப்படி நினைத்தேனோ அப்படித்தான் அதையும் நினைத்திருந்தேன்.

படப்பிடிப்பு சென்னையில். அப்பாதான் எங்கள் இருவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அரங்கத்துக் குளிரில் எனக்கு முகத்தில் பவுடர் அப்பினார்கள். அப்பாவைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்து, கையை உயர்த்தினால் தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும் என்று ஒரு இளைஞர் சொல்லிக்கொடுத்தார். நிகழ்ச்சி ஒளிபரப்பாகும்வரை முடிவை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் பெரியவர்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அப்பா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, பத்திரப் பதிவு அலுவலகத்தில் போடுவதைப்போல நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிப் போட்டார்.

கடைசிக் கேள்விவரை நாங்களும் சென்னை அணியும் சரிக்குச் சரியாக இருந்தோம். ஜெயிப்பவர்களுக்கு ஆளுக்கொரு கம்ப்யூட்டர். அதை எந்த மேசையில் வைப்பது என்பதுவரைக்கும் கிளாடிஸ் முடிவு செய்துவைத்திருந்தாள். "முல்லைப் பெரியாறு அணை அமைந்துள்ள மாநிலம்..." என்று நடத்துநர் ஆரம்பித்தார். எது என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, ஆட்டுக்குட்டி கத்திவிட்டது. இந்த ஒரு முறை கிளாடிஸின் பக்கம் திரும்பவேண்டிய தேவைகூட எனக்கு இருக்கவில்லை.

"தமிழ்நாடு, சார்!"

தவறு என்றார். என் காதில் அது ஏறவே இல்லை. "இல்ல சார், எங்க டேம் சார் அது. டெய்லி எத்தனை அடின்னு நாந்தான் சார் படிக்கேன். எங்கப்பா அங்கன உக்காந்திருக்காக, வேணும்னா கேட்டுப் பாருங்க!" என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். அரங்கமே சிரித்தது. சென்னைப் பிள்ளைகள் கேரளா என்று நிதானமாகச் சொல்லி ஜெயித்துவிட்டார்கள். நான் அப்பாவைத் தேடினேன். அவர் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோற்றவர்களுக்கு ஒரு சான்றிதழும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் கிளாடிஸ் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "எங்க அத்தை வீடு டேமுக்குப் பக்கத்துல, கேரளா வண்டிப்பெரியாறுதான், எனக்குத் தெரியும்டீ." அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பா அந்த ஒரு வாக்கியமும் பேசவில்லை.

அதற்கப்புறம் தொடங்கியது, ஒளிபரப்பு வரைக்குமான அந்த நாற்பது நாள். கடைவீதியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னத்தா, செயிச்சியா?" என்று கேட்டார்கள். சொல்லக் கூடாது என்று சொல்லித் தப்பித்தேன். அந்தத் தாளில் கையெழுத்து வாங்கியவர்களுக்கு நன்றி. வீட்டில் தப்பிக்க வழியில்லை. அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஒளிபரப்புறப்ப பாத்துக்க" என்று அப்பா எழுந்து போய்விடுவார். அதுகூடப் பரவாயில்லை. ஊர் திரும்பிய மறுநாள் காலையில் நான் வழக்கம்போலச் செய்தித்தாளை விரித்தேன். அப்பா அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தானே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த மூலையைத் தானே வாசித்து, மடித்து வைத்துவிட்டு வயலுக்குப் போனார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அத்தனை பேர் முன்னால், அதுவும் மெட்ராஸ்காரர்கள் முன்னால், அப்பாவின் பெயரையும் இழுத்துவிட்டு அவமானப்படுத்தியிருக்கிறேன். அவரிடம் அந்த எண்ணைச் சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டது. இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை, முறைக்கவில்லை. பேருக்கு நாலு வார்த்தை பேசினார், சாப்பிட்டியா, பாடம் படிச்சியா என்று, அவ்வளவுதான். அவர் என்னை மறுபடியும் பழையபடி கூப்பிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. ஒளிபரப்பாகும் நாளில் கம்பம் முழுக்க மின்சாரம் போகவேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அது போதாதோ என்று பயந்து, கிளாடிஸின் சர்ச் வாசலில் நின்றும் ஒரு தடவை வேண்டிக்கொண்டேன்.

மின்சாரம் போகவில்லை. போதாக்குறைக்கு அப்பா தெருவையே கூப்பிட்டிருந்தார். காலையிலேயே டிவியை முன்வாசல் பக்கம் தூக்கி வைத்து, பாய் விரித்து, அம்மாவை இரண்டு பாத்திரம் காபி போடச் சொன்னார். தோற்ற பிள்ளையை வைத்து இத்தனை பேரை ஏன் கூப்பிடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தண்டனை என்றுதான் நினைத்தேன். சர்ச் முடிந்து கிளாடிஸும் அவள் அப்பா அம்மாவும் வெள்ளை உடுப்போடு வந்து உட்கார்ந்தார்கள். கடைசிக் கேள்வி நெருங்கியதும் நான் உள்ளறைக்கு ஓடி, அடுக்கி வைத்திருந்த நெல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். எவ்வளவு பொத்தினாலும் என் குரல் எனக்குக் கேட்டது. "இல்ல சார், எங்க டேம் சார் அது."

உடனே ஒரு விசில். அதன் பின்னால் கூட்டம் மொத்தமும் தட்டிய கைதட்டலில் பரணில் இருந்த பாத்திரம் அதிர்ந்தது. "அப்படிப் போடு ஆத்தா!" என்று யாரோ கத்தினார்கள். "இவரு குழாய்த் தண்ணி குடிக்கிறவரு, இவருக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர் நிகழ்ச்சி நடத்துநரைப் பிடிபிடியென்று பிடித்தார். சென்னை அணி ஜெயித்ததையோ அவர்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்ததையோ அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவே இல்லை. என்னைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. நாற்பது நாளாக அடைத்து வைத்த பேச்சு மொத்தமும் அப்போதுதான் திறந்துகொண்டது.

"இந்தப் பிள்ள அந்த ஏசிக்குள்ள நின்னு அத்தனை பேருகிட்டயும் சண்டைக்குப் போகுது! எனக்கு எந்திரிச்சு விசில் அடிக்கணும்போல இருந்துச்சு. அந்தத் தம்பி கைய இறக்கிட்டாரு, சத்தம் போடக் கூடாதுன்னு. சிரிப்ப அடக்க மாட்டாம குனிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்தா அதவிடக் கொடும. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ல? டேம்ங்கிற பேச்ச எடுத்தா என்னைய அறியாம எல்லாத்தையும் கொட்டிருவேன். அதான் பேப்பரக்கூட இவகிட்ட குடுக்கல."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோபமே இல்லை. ஒரு நாள்கூட இருந்திருக்கவில்லை. ஒரு தாளில் போட்ட கையெழுத்துக்காக, சொந்த மகளிடம்கூட, அதுவும் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்த மகளிடம்கூட வாயைத் திறக்காத மனிதரை என்னவென்று சொல்வது? "எனக்குத்தான் தெரியுமேப்பா, எங்கிட்டப் பேசுனா என்ன?" என்று விக்கலோடு கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருகிட்டயும்னுதான போட்டிருந்தாக" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஆனால் கிளாடிஸ்? கூட்டம் கலைந்தபின் கொல்லையில் அவளிடம் போய் நின்றேன். கம்ப்யூட்டர் போனதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"நீ முந்திக்கிட்டது நல்லதாப் போச்சுடீ. நான் கேரளான்னு சொல்லிச் செயிச்சிருந்தா எங்கப்பா கடைக்கு ஒரு ஆளு மோட்டாரு வாங்க வந்திருக்க மாட்டாக. நாப்பது நாளா இதத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அப்பாடான்னு இருக்கு."

நாற்பது நாளாக என்மேல் கோபத்தில் இருக்கிறாள் என்று நான் நினைத்த இரண்டாவது ஆளும் இப்படி. இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மீதிக் காபியைக் குடித்துத் தீர்த்தோம். சரியான விடை கேரளாதான் என்பதை அப்பாவும் ஒத்துக்கொண்டார், தனக்கே உரிய விதத்தில். "டேம் இருக்கிறது அங்கன, தண்ணி வர்றது இங்கன. அவுக கேள்வியத் தப்பாக் கேட்டுட்டாக" என்றார்.

இப்போது நான் தேனியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அப்பா என்னோடு இருக்கிறார். அந்த நிகழ்ச்சி நின்று பல வருடங்கள் ஆகின்றன. யாராவது இணையத்தில் ஏற்றியிருப்பார்களோ என்று ஒரு நாள் பயந்து பயந்து தேடினேன், இல்லை. எனக்கு நிம்மதி, அப்பாவுக்குத்தான் வருத்தம். இன்று என் பெண் பார்க்கும் போட்டிகளில் முடிவு நொடியில் கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஒரு முடிவை மடியில் கட்டிக்கொண்டு நாற்பது நாள் ஊருக்குள் நடமாடும் கஷ்டம் இனி யாருக்கும் இல்லை. அது போனதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது.

பேசாமல் இருப்பவர்களைப் பார்த்து நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு வேகும் பழக்கமும் அதோடு போய்விட்டது. போன மாதம் அப்பா இரண்டு நாளாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை, சாப்பாட்டையும் தள்ளிவைத்தார். பன்னிரண்டு வயதாக இருந்தால் நெல் மூட்டையைத் தேடியிருப்பேன். நேராக அவர் எதிரில் போய் உட்கார்ந்து, "என் மேல கோவமாப்பா?" என்று கேட்டேன்.

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கோவமா? கடவாப் பல்லு உயிர எடுக்குதுத்தா."