இடித்தவனுக்கு எதிராக நான் இருந்த நோன்பு

முள்முடி தாங்கிய முதல்வா, கல்லறை வென்ற காவலா, உன் திருவடி போற்றி.

இன்று உயிர்ப்பு ஞாயிறு. இறைமக்களே, காலைத் திருப்பலி முடிந்து வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், செங்கம் சாலையில் காய்கறி வாங்கித் திரும்பிய என் மனைவி லூர்து மேரியை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. ஓட்டியவன் இறங்கினான். அவள் கிடப்பதைப் பார்த்தான். மறுபடி ஏறிப் போய்விட்டான். இன்றுவரை அவன் அகப்படவில்லை. மேரிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்தும், பயத்தில் அவள் காலை ஊன்ற மறுத்தாள். இப்படியே படுத்திருந்தால் பிறகு எழவே முடியாது என்றார் மருத்துவர்.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு ஆலயத்திலிருந்து வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் முருகன் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா ஐயா, நீங்களும் விபூதி வெச்சிட்டீங்க! மலை சுத்தப் போறீங்களா?"

"இல்லப்பா. ஒருத்தன் காலை ஒடைக்கப் போறேன்" என்றேன். நான் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் தம் பாவங்களுக்காக நோன்பு இருந்தார்கள். நான் அவனுக்கு எதிராக இருந்தேன். நாளுக்கு ஒரு வேளைக் கஞ்சி மட்டுமே. ஆயுளெல்லாம் பக்திப் பாக்களில் ஊறியவன் நான். உருகவும் கெஞ்சவும் அவை எனக்குக் கற்பித்திருந்தன. இம்முறை எனக்குச் சினமே ஊறியது. மேரியின் கட்டிலருகே அமர்ந்து ஒரு வசைப்பாட்டுக் கட்டினேன்.

இடித்தவன் கால் ஒடியவே, இறைவா,
துடித்தவள் துயர் தீரவே!

அதுவே என் செபம். ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். அழகாகச் செபித்த காலத்தில் ஆண்டவர் எனக்குத் தொலைவில் இருந்தார். வழக்காடத் தொடங்கியதும் எதிரே வந்து அமர்ந்து கேட்டார். அந்த நெருக்கத்தில் வெறும் கஞ்சியும் இனித்தது.

ஒரு மதியம் மேரி கேட்டாள்: "ஏங்க, எப்பப் பாத்தாலும் அவனுக்கே பாடறீங்களே, எனக்கு ஒண்ணும் கெடையாதா?"

"ரெண்டாவது அடி ஒனக்குத்தாம்மா."

"அப்ப சத்தமா பாடுங்க. தாளம் நல்லாருக்கு. அந்த வாக்கரை இப்படித் தள்ளுங்க."

"இடித்தவன்" என்றேன், ஒரு காலை ஊன்றினாள். "கால் ஒடியவே" என்றேன்; மறுகாலை வைத்தாள். வலியில் அவள் முகம் வெளுத்தது. நான் வாயை மூடினேன்.

"நிறுத்தாதீங்க! இன்னும் நல்லாத் திட்டுங்க அவனை!"

கட்டிலிலிருந்து கதவுவரை வந்தாள். இருவரும் சிரித்தோம், பிறகு அழுதோம். அன்றுமுதல் நாள்தோறும் அந்த வசையே அவளை நடத்தியது.

இன்று காலை முருகன் எங்களை ஆலய வாசலில் இறக்கிவிட்டார். பீடம்வரை மேரி நடந்தாள். அருகே நான் முணுமுணுத்துக்கொண்டே சென்றேன். பின்வரிசையில் ஒரு பெண் வியந்தாள்: "பாரேன், ஐயா எவ்ளோ பக்தியா ஸ்தோத்திரம் சொல்லிக்கினு வராரு!"

"சிரிப்பு மூட்டாதீங்க, விழுந்துடப் போறேன்" என்றாள் மேரி.

ஒரு கால் ஒடியக் கேட்டேன். ஆண்டவர் ஒரு காலை ஊன்ற வைத்தார். வேன் ஓட்டியவனை மன்னித்துவிட்டேன் என்றால் அது பொய். அவன் நீதியின்முன் நிற்க வேண்டும் என்று இன்றும் கேட்டேன், நாளையும் கேட்பேன். தண்டிப்பதை மட்டும் அவரிடம் விட்டுவிட்டேன். என் கைக்கு மேரியின் முழங்கையைத் தாங்கும் வேலை இருக்கிறது.

நெஞ்சு கொதிப்பவர்களே, கொதிப்பு ஆறட்டும் என்று காத்திராதீர்கள். அதோடே அவரிடம் செல்லுங்கள். அவர் தாங்குவார்.

இதை வாசிப்போர் இல்லங்களில் படுத்தோர் எழுக. அநீதி செய்தோர் உண்மை சொல்லும்வரை உறக்கம் இழக்க. உயிர்த்தவர் ஒளி உங்கள் வாசலில் நிலைத்து நிற்க. ஆமென்.