தோள் கிழிந்த பொம்மை

சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமல் அம்சவள்ளி உப்புப் பாத்தியில் கால் வைக்க மாட்டாள். புடவைக்கு மேல் கணவனின் முழுக்கைச் சட்டை, நெற்றி மறையத் துண்டு, கணுக்கால் வரை இறங்கிய புடவை. கூட உப்பு வாரும் பெண்களையும் வரப்பிலேயே நிறுத்திப் பார்ப்பாள். "ஏய் ரேணுகா, கைய மடிச்சி விட்டுக்கினு எங்கடி போற? சாயங்காலம் எரியுது எரியுதுன்னு எங்கிட்ட வராத." மடித்த கையிலோ கிழிசல் வழியோ உப்பு புகுந்து உரசினால் தோல் புண்ணாகும். மறுநாள் அந்தப் புண்ணின் மேலும் உப்புதான் படும். மரக்காணத்து உப்பளத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அம்சவள்ளி மட்டும் தினமும் சொல்வாள்.

டிவி பார்ப்பதும் இதே கண்ணால்தான். தொடரில் ஒருத்தி தூங்கி எழுந்தால் போதும், அம்சவள்ளி சோற்றுத் தட்டோடு டிவியிடம் சண்டைக்குப் போய்விடுவாள். "பட்டுப்பொடவ கட்டிக்கினு எவளாச்சும் படுப்பாளா? தல கூட கலையல பாரு!" மறுநாளும் அதே தொடரைத்தான் பார்ப்பாள்.

போன மாதம் மகள் யுவராணிக்குக் கல்யாணப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் வேனில் சென்னைக்குப் போனார்கள். புடவை எடுத்து முடித்ததும், மாப்பிள்ளையாக வரப்போகிற சிலம்பரசன் எல்லாரையும் ஒரு சினிமா, டிவி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனான். அம்சவள்ளிக்கு முதலில் எல்லாமே பிடித்திருந்தது. படப்பிடிப்புக்காகக் கட்டிய, கூரையே இல்லாத சமையலறையைப் பார்த்து, "மழ வந்தா கொழம்பு ரசமாயிடும்" என்றாள். பையனின் அம்மா கமலாம்பாள் கூடச் சிரித்துவிட்டாள்.

அடுத்த அறையில் ஒரு மேடை. தெர்மாகோல் உப்பின் மேல் ஆளுயரப் பெண் பொம்மை. ஏதோ பழைய படத்தில் கதாநாயகி போட்ட உடையாம். 'உப்பளத் தொழிலாளி' என்று பலகையில் எழுதியிருந்தது. முகமெல்லாம் கரி. தோளில் கிழிந்து தொங்கும் ஜாக்கெட். முழங்காலுக்கு மேல் ஏறிய புடவை. கயிற்றோரம் நின்று நாலு பேர் அந்தத் தோள் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சம்பந்தி, இந்தக் கோலத்துலதான் தெனம் வேலைக்குப் போறீங்களா?" என்று கமலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணையும் இப்டித்தான் கூட்டிக்கினு போனீங்களா?"

பள்ளிக்கூட லீவிலெல்லாம் அம்மாவோடு உப்பு வாரியவள் யுவராணி. அவள் தலை கவிழ்ந்தது. அதைப் பார்த்ததும் அம்சவள்ளியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

அங்கே காவலுக்கு நின்ற பெண்ணிடம் போனாள். "இத்த கிழிச்சது யாரும்மா?"

"டிசைனருங்க. ஏழைன்னு தெரியணும்ல, அதுக்காகக் கிழிச்சதுங்க."

"நல்லா இருந்த துணியா?"

"புதுத் துணிதாங்க."

"புதுசக் கிழிச்சி எங்க மேல போட்டீங்களா?" குரல் அறை முழுக்கக் கேட்டது. "இந்தக் கிழிசலோட அந்த டிசைனர ஒரு நாள் காலங்காத்தால வந்து உப்புல நிக்கச் சொல்லு. அப்பறம் எழுது, உப்பளத் தொழிலாளின்னு. ஏழைன்னா மானம் இருக்காதா எங்களுக்கு?"

"சினிமாதானேம்மா, விடுங்க" என்றாள் காவல் பெண்.

சிலம்பரசனுக்கு அவள் கோபம் உறைக்கவில்லை. "அத்த, அதும் பக்கத்துல நில்லுங்களேன். ஒரு போட்டோ எடுக்கறேன், செமயா இருக்கும்" என்று போனைத் தூக்கினான். கமலாம்பாளின் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"இருங்க தம்பி. எடுக்கலாம்."

புடவையைப் பிடித்துக்கொண்டு அம்சவள்ளி கயிற்றைத் தாண்டினாள். "தொடக்கூடாதுங்க!" என்று காவல் பெண் ஓடி வந்தாள். அம்சவள்ளி பொம்மையின் புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள். வளையலில் கிடந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, தொங்கிய துணியைச் சேர்த்துப் பிடித்து, தோளில் குத்தினாள். கிழிசல் பாதிதான் மூடியது. கமலாம்பாளின் பக்கத்தில் நின்றிருந்த யுவராணி கயிறு வரைக்கும் வந்துவிட்டாள். பொம்மையின் தோளை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமலே, இன்னொரு ஊக்குக்காக அம்சவள்ளி மகளிடம் கையை நீட்டினாள்.