வெள்ளவத்தை மணலில் ஒரு கல்யாண மோதிரம்

செத்துப்போன ஒருவனை ஓடிப்போனவன் ஆக்கினேன். ஆம், நான்தான்.

எப்படி என்று கேட்பீர்கள். சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

எனக்குக் கொட்டாஞ்சேனையில் வீடு, துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய் மெட்டல் டிடெக்டரால் மணலைத் தடவுவது என் பைத்தியம். சோடா மூடிகள், மழுங்கிய சதக்காசுகள், ஒருமுறை யாருடையதோ பொய்ப்பல் கம்பி... எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

அந்த மெஷினை வைத்திருக்க அரசாங்க அனுமதி வேண்டும். என்னிடம் இல்லை. மச்சான் வெளிநாட்டிலிருந்து துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்தது. புதையல் தோண்டுகிறவன் என்று பொலிஸ் பிடித்தால் வேலையும் போகும், மானமும் போகும்.

மெட்டில்டா எங்கள் தேவாலயத்துக்கு வருகிறவள். மட்டக்குளி மாடிவீடுகளில் இருக்கிறாள். அவள் கணவன் அன்ரன் வெள்ளவத்தைப் பாறைகளில் தூண்டில் போடப் போய்த் திரும்பவில்லை. செருப்பு மட்டும் இருந்தது, உடல் கிடைக்கவில்லை. ஊர்வாய் சும்மா இருக்குமா? வேறொருத்தியோடு போய்விட்டான் என்றது. அவள் நம்பவில்லை. மாதம் தவறாமல் அவன் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தாள்.

ஒருநாள் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணன், நீங்க அந்தப் பக்கம் மணல் தோண்டுறீங்களாமே. ஒரு எலும்பு கிடைச்சாலும் சொல்லுங்க. அதை வச்சாவது அடக்கம் பண்ணிடலாம்."

"ஓம், தங்கச்சி" என்றேன்.

கிடைத்தது. பருவக்காற்று மணலைப் புரட்டிப் போட்டிருந்த ஒரு காலை, பாறை இடுக்கில் மெஷின் கத்தியது. ஒரு முழம் தோண்டினேன். மோதிரம். மோதிரத்துக்குள் விரல் எலும்பு...

உப்பும் மணலும் இறுகிப் பிடித்திருந்ததால் எச்சில் தொட்டு, திருகித் திருகித்தான் கழற்றினேன், உயிருள்ளவன் கையிலிருந்து கழற்றுவதுபோல. உள்பக்கத்தில் மெட்டில்டா என்று பொறித்திருந்தது.

எலும்பு என்றால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் மெஷினைக் கேட்கும். அவ்வளவுதான் யோசித்தேன். எலும்பைக் கடலில் வீசினேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. காதில் ஹெட்போன் இருந்தது.

மோதிரத்தை மட்டும் கொடுத்தால் அவளுக்கு ஆறுதல், எனக்கும் ஆபத்தில்லை. பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக்கூடாது என்பார்களே, அந்தக் கெட்டித்தனம். மணலில் மேலாகக் கிடந்தது என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் அழவில்லை. பெயரை வாசித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது தானா கழலாது, அண்ணன். விரல் தடிச்சு, சவர்க்காரம் போட்டாலும் வராது. அவரேதான் பாடுபட்டுக் கழட்டி எறிஞ்சிட்டுப் போயிருக்கார்."

வாயைத் திறந்தேன். பொலிஸ் நினைவு வந்தது. மூடிக்கொண்டேன். என் பாவம் அந்த ஒரு நிமிடம்தான்... அது இன்னும் முடியவில்லை.

பூசைகள் நின்றன. அவன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். பத்து வயது மகளிடம், "அப்பா எங்கள வேணாமெண்டு போனவர்" என்று சொல்லிவிட்டாள். மரித்தோர் திருநாள் வந்தது. மாதம்பிட்டிய மயானம் முழுக்க மெழுகுதிரி. அவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

அன்று மாலை எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிடுவதென்று மட்டக்குளிக்குப் பஸ் ஏறினேன். மழை. அங்கே கரண்ட் இல்லை. மூன்றாம் மாடிவரை சுவரைத் தடவி ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே நடமாட்டம் நின்றது.

"யாரு?"

பெயர் வாயில் வரவில்லை. மறுபடி தட்டினேன்.

பிறகு கதவுக்கு மிக அருகில், பலகையில் வாயை வைத்துப் பேசுவதுபோல அவள் குரல்.

"வந்திட்டீங்களா... இவ்வளவு நாள் எங்க இருந்தீங்களோ அங்கேயே போங்க. நான் திறக்க மாட்டேன்."

நான்தான் தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். அது போதும். ஆனால் உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட அந்த இருட்டில் நான் அவனாக நின்றேன். என் கைவிரல்கள் குளிர்ந்து மரத்திருந்தன. எவ்வளவு நேரமென்று தெரியாது. சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் அவளே என்னிடம் வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அவர் வந்தவர், அண்ணன். ஒண்டும் கதைக்கல்ல. நிண்டுட்டுப் போயிட்டார். இப்ப எனக்குச் சந்தேகமே இல்ல, உயிரோடதான் இருக்கார்."

"அப்படியா" என்றேன்.

அவள் உள்ளே போனபின் மகள் பின்தங்கினாள். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"மாமா, அம்மாட்டச் சொல்லாதீங்க. அடுத்த முறை அப்பா தட்டினா நான் திறந்து விடுவேன். தினமும் கதவடியிலதான் படுக்கிறேன்."

அவளிடமும் நான் சொல்லவில்லை.