கையெழுத்துப் போடாத வெர்லீன்

மனிதர்களை விண்வெளிக்கு ஏற்றிச் செல்லும் அரசு ஒப்பந்தத்துக்காக இரண்டு கம்பெனிகள் மோதிக்கொண்டால், அடி யார் முதுகில் விழும் என்று நினைக்கிறீர்கள்? முதலாளிகள் முதுகிலா? வக்கீல்கள் முதுகிலா? வெர்லீன் டக்கெட்டிடம் கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

டைட்டஸ்வில் என்ற அமெரிக்க ஊரில், ஆற்றின் இந்தக் கரையில் அவள் வீடு, அந்தக் கரையில் ராக்கெட் ஏவுதளம். ராணுவத்தில் பாராசூட் மடித்துக் கட்டப் பழகியவள், ஊருக்குத் திரும்பி அதே வேலையை ஏவுதளத்தில் செய்தாள். அரசு விண்வெளி ஓடங்களை நிறுத்தியபோது அவளையும் நிறுத்தியது. துறைமுகத்தில் இறால் உரித்துப் பிழைத்தாள். மனிதர் ஏறும் கலம் கட்டப் போவதாகச் சொல்லி பெலிகன் ரிட்ஜ் என்ற சின்னக் கம்பெனி ஆள் எடுத்தபோது, முதல் ஆளாகப் போய் நின்றாள். விண்ணிலிருந்து திரும்பும் கலத்தை மெல்ல இறக்கும் பாராசூட்டுகளைத் தைக்கும் கூடத்துக்கு அவளே தலைவியானாள்.

ஒப்பந்தம் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. "பெலிகன் ரிட்ஜின் பாராசூட் இன்னும் தயாராகவில்லை" என்பது அரசு சொன்ன காரணங்களில் முக்கியமானது. பெலிகன் ரிட்ஜ் வாஷிங்டனில் ஆட்சேபம் கொடுத்தது. அதை விசாரித்து முடிக்கும்வரை ஜெயித்த கம்பெனியும் வேலையை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. ஜெயித்த கம்பெனியின் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். தோற்ற கம்பெனியின் ஆட்கள் கதவு எப்போது மூடுமோ என்று பயந்தார்கள். கடைத்தெருவில் பார்த்தால் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். வக்கீல்களுக்கு மட்டும் நல்ல அறுவடை.

வாஷிங்டனிலிருந்து பெலிகன் ரிட்ஜின் வக்கீல் லூமிஸ் ஒரு வாக்குமூலத்தோடு வந்தார். டெண்டர் கொடுத்த நாளிலேயே பாராசூட் சோதனையில் முழுமையாகத் தேறிவிட்டது என்று அதில் இருந்தது. கீழே வெர்லீன் கையெழுத்துப் போட வேண்டும்.

"தேறல சார். விமானத்துலேர்ந்து போட்டுப் பாத்தப்ப பாராசூட் துணியில ஒரு பட்டி கிழிஞ்சுது."

"அப்புறம் சரி பண்ணிட்டீங்கல்ல?"

"பண்ணினோம். டெண்டர் குடுத்ததுக்கு அப்புறம். மறுபடி போட்டுப் பாக்கவே இல்ல."

மேலாளர் ராய்ஸ் குறுக்கே வந்தார். "ஒரே ஒரு வரி, வெர்லீன். இத்தனை வீட்ல அடுப்பு எரியணும்."

"கிழிஞ்சதையும் சேத்து எழுதுங்க, இப்பவே போடறேன்."

மதியம் சாப்பாட்டு அறைக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. அவளிடம் வேலை பழகிய டெல்பர்ட் வேகவைத்த கடலையை உடைத்தபடியே ஆரம்பித்தான்.

"வீட்டுக் கடன் முடிஞ்சவங்க நியாயம் பேசலாம், அக்கா."

"எங்கடா முடிஞ்சுது? நீ வந்து கட்டறியா? சொல்லு, சாவியையும் சேத்துத் தர்றேன்."

சிலர் சிரித்தார்கள். வெர்லீன் சிரிக்கவில்லை.

"ராணுவத்துல எங்களுக்கு ஒரு சட்டம். பாராசூட் மடிச்சுக் கட்டினவளப் பாத்து, 'நீயே மாட்டிக்கிட்டுக் குதி'ன்னு சொல்லலாம். மறுக்க முடியாது. நானும் குதிச்சிருக்கேன். நம்ம கலத்துல நாலு பேரு வானத்துலேர்ந்து இறங்கப் போறாங்க. போட்டுப் பாக்காத பட்டிய நம்பி உங்கள்ல யாருடா அதுல உட்காருவீங்க?"

டெல்பர்ட் கையைத் தூக்கினான். "நான் உட்காருறேன். சம்பளம் வந்தாப் போதும்."

அவன் வீட்டில் கைக்குழந்தை இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"நீ உட்காருவ, தெரியும்," என்றாள். "நான்தான் உட்கார விடமாட்டேன்."

அன்றிலிருந்து அவள் மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் அசரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதினாள். பட்டி கிழிந்தது, தைத்தோம், மறுசோதனை இல்லை. இரண்டு கம்பெனிகளின் பாராசூட்டுகளையும் எல்லோர் முன்னிலையிலும் போட்டுப் பாருங்கள் என்றும் சேர்த்தாள். லூமிஸ் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இதக் குடுத்தா நம்ம வழக்க நாமளே கெடுத்துக்கற மாதிரிம்மா."

"அப்ப பாராசூட் பேச்சே இல்லாம குடுங்க. பொய்ய மட்டும் குடுக்காதீங்க."

அப்படித்தான் கொடுத்தார்கள். தோற்றார்கள். கூடம் மூடப்பட்டது. "அவளாலதான்" என்றார்கள். உண்மையா? யாருக்கும் தெரியாது. வெளியிட்ட தீர்ப்பில் பாதி வரிகள் கருப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. வியாபார ரகசியமாம்! மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் கலம், மனித உயிர் தொங்கும் துணி. அதைப் பற்றி அந்த மக்கள் படிக்கக் கூடாதாம். இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை எந்தக் கோயிலிலும் இல்லை.

வெர்லீன் இப்போது துறைமுகத்தில் படகுகளுக்கு உறை தைக்கிறாள். மறைத்த வரிகளைத் திறக்கச் சொல்லித் தொகுதி உறுப்பினருக்கு எழுதுகிறாள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுகிறாள். ஜெயித்த கம்பெனியிலும் வேலை கேட்டிருக்கிறாள். பழைய வேலை ஏன் போனது என்ற கேள்விக்கு, பட்டி கிழிந்த கதையை முழுதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அந்தப் பட்டி கிழிந்ததைக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணால் பார்த்தவர்கள். வாயைத் திறந்து "அவங்க சொல்றது நெசம்" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

உங்கள் பட்டறையில், அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில் உண்மையைச் சொன்னதற்காக யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாரா? நாளைக்கே உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்காருங்கள். நீங்கள் பார்த்ததை நீங்களும் சத்தமாகச் சொல்லுங்கள்.