மஞ்சள் போட்டுக்கு ஒரு கூறு

எங்கள் ஊரில் யாரும் படகு வாங்க மாட்டார்கள். வாங்கி எங்கே விடுவது? ஆற்றில் மணல் வண்டி ஓடுமே தவிர தண்ணீர் ஓடாது. ஒரு தூறல் விழுந்தாலும் பட்டாசு நமத்துப் போகுமே என்று வானத்தைத் திட்டுகிற ஜனம் நாங்கள். அப்படிப்பட்ட சிவகாசியில் என் சித்தப்பா ஒரு படகு வாங்கினார். தீபாவளிச் சரக்கு ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போன எங்கள் லோடு லாரி, அங்கே மூடிப்போன ஒரு படகுத்துறையிலிருந்து மஞ்சள் நிறப் பெடல் போட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு திரும்பியது. இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கிற போட்டு. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

சித்தப்பா அப்பாவுக்குக் கடைசித் தம்பி. விருதுநகரில் உள்ள பிறந்த வீட்டுக்குப் போன சித்தி மூன்று வருடமாகத் திரும்பவில்லை. பட்டாசுக் கம்பெனியை அப்பாவும் பெரியப்பாவும் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு அங்கே ஒரு மேஜை இருந்தது. அதன்மேல் ஒரு காகிதம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது பத்து வயது, கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அம்மாவும் ஆர்டர் ஃபோன்களோடு கம்பெனியே கதியென்று இருப்பாள். வீட்டில் யாருக்கும் தேவைப்படாத ஆட்கள் நாங்கள் இருவர்தான். அதனால் போட்டில் இரண்டாவது இடம் எனக்கு வந்தது.

ஐப்பசி மழையில் ஆனைக்குட்டம் அணை நிறைந்ததும் போட்டை அங்கே இறக்கினோம். ஐந்து பரிசல்காரர்கள் அங்கே மீன் பிடித்தார்கள். தண்ணீர் இல்லாத மாதங்களில் அவர்களும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள்தான். முதல் நாளே நடு அணையில் எங்கள் பெடலில் பாசி சுற்றிக்கொண்டது. மிதிக்க மிதிக்க, போட்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. ஐந்து பரிசலும் வந்து சூழ்ந்து, வலைக்கயிற்றைக் கட்டி எங்களை இழுத்துக் கரை சேர்த்தார்கள். சிரிக்காமல் இழுத்தவர் ஒருவருமில்லை. சித்தப்பாவும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறும், மழைக்கு லீவு விட்ட நாட்களும் எங்களுக்கு அணைதான். வலையின் ஒரு நுனியைச் சித்தப்பா பிடித்துக்கொள்வார். பரிசலின் அடியில் ஓட்டை விழுந்தால், அதை அடைக்கத் தார் காய்ச்சும்போது விறகு தள்ளுவார். மத்தியானம் கஞ்சிக்கு ஒரே வெங்காயத்தை ஆறாக நறுக்குவார்கள். சித்தப்பாவின் துண்டு கொஞ்சம் பெரிது என்று யாராவது வம்புக்கு இழுப்பார். அவரும் விடாமல் பதில் சொல்வார்.

பொழுது சாயும் நேரத்தில் பெரிய மீனெல்லாம் அணையைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் சின்ன மீனைச் சாக்கை விரித்துக் கொட்டி, பரிசலுக்கு ஒன்றாகக் கூறு வைப்பார்கள். ஒருவர் மீனுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். பெரிசு சிறிசு என்ற சண்டைக்கே இடமில்லை. வலையில் மீன் பட்டவன், படாதவன் என்ற பேச்சும் கிடையாது. தண்ணீரில் இறங்கியவனுக்கு ஒரு கூறு உண்டு.

மூன்றாம் நாள் சாக்கில் ஆறு கூறு இருந்தது. ஆறாவதைத் தொட்டுக் கேட்டபோது, திரும்பி நின்றவர் சொன்னார்: "அது மஞ்சப் போட்டுக்கு."

சித்தப்பா அதை இரண்டு கையாலும் அள்ளினார். ஏழெட்டு ஜிலேபிக் கெண்டை, உள்ளங்கை நீளம்கூட இல்லை. மீனுக்கு வழியில்லாத வீடா எங்கள் வீடு? ஆனாலும் அன்று பைக்கில் பாடிக்கொண்டே வந்தார். பிறகு என்றைக்கும் கூறு வைக்கும் நேரத்தை அவர் தவறவிட்டதில்லை. அந்தக் கூறுக்காகத்தான் அவர் அணைக்கே போனார் என்று இன்று சொல்வேன். அன்று எனக்கு மீன்தான் தெரிந்தது.

யாரிடமும் எதையும் சும்மா வாங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தீபாவளி தோறும் அப்பா வேலையாட்களை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கொடுப்பார். போகிற நாளெல்லாம் மீன் வாங்குகிறோமே, பதில் மரியாதை செய்ய வேண்டாமா என்று நான் யோசித்தேன். யோசனை முழுக்க என்னுடையது. கார்த்திகை நெருங்கிய ஒரு சனிக்கிழமை, விற்காமல் மீந்த பெட்டிகளில் ஐந்தைப் பையில் திணித்துக்கொண்டேன். சித்தப்பா கேட்டதற்கு மாற்றுத்துணி என்றேன்.

அன்று கூறு வைத்து முடிந்து, அவர் போட்டில் தேங்கிய மழைநீரை இறைத்துக்கொண்டிருந்தபோது, பரிசல்காரர்களை வரிசையாக நிற்கச் சொன்னேன். விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஆளுக்கொரு பெட்டி கொடுத்து, அப்பா சொல்வதை அப்படியே சொன்னேன்: "கம்பெனி சார்பா. பிள்ளைகளுக்குக் குடுங்க."

ஒருவர் பெட்டியின் மேலிருந்த பெயரைப் பார்த்து, இது யார் கம்பெனி என்று கேட்டார். எங்களுடையது என்றேன். சிரிப்பு நின்றது.

"எங்க வீட்டுல அங்கனதான் வேலை பாக்குறாக," என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. டீக்கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். அதுவரை 'அண்ணே' என்று கூப்பிட்டவர்கள், "வாங்க மொதலாளி, உக்காருங்க," என்றார்கள். சித்தப்பா வலை நுனியைப் பிடிக்கப் போனபோது, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று பதமாக வாங்கிக்கொண்டார்கள். கஞ்சி குடிக்கப் பரிசலுக்கு அந்தப்பக்கம் போனார்கள். நாற்காலியில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொழுது சாய்ந்து கூறு வைத்தார்கள். ஐந்து. திரும்பி நின்றவர் ஐந்து பெயரையும் சொல்லி முடித்தார். சித்தப்பா சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது முந்தின நாள் துண்டைக் கையில் எடுத்தவர் ஒரு பையோடு ஓடிவந்தார். உள்ளே சுத்தம் செய்த பெரிய கட்லா இரண்டு.

"ஒங்களுக்குத் தனியா எடுத்து வச்சிட்டோம் மொதலாளி."

சித்தப்பா வாங்கிக்கொண்டார்.

பாதி வழியில் பைக்கை நிறுத்தி, அவர்களுக்கு ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டார். நான் வரிசை முதற்கொண்டு ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பைக்கை மறுபடி கிளப்பிக்கொண்டே, "உங்கப்பா மாதிரியே செஞ்சிருக்க தாயி," என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பவில்லை. ஞாயிறும் கிளம்பவில்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கப்பல் கரை ஏறிவிட்டதா என்று அப்பா கேட்டார். அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றார் சித்தப்பா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய், அணை நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று போட்டு உடைத்தேன். உட்கார நாற்காலி போட்டு, இருக்கிறதிலேயே பெரிய மீனையும் கொடுக்கிறார்கள், அப்படியும் இவருக்குப் போக வலிக்கிறது என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தச் சிரிப்பில் பெரிய சத்தம் என்னுடையது.